சீதன வயலில் குட்டி மோட்டார் சைக்கிள்

பூரணத்துக்கு மோட்டார் சைக்கிளில் பின்னால் இருப்பது ஒருநாளும் பிடித்ததில்லை. கல்யாணமான புதிதில் சண்முகநாதன் அவளை ஏற்றிக்கொண்டு புத்தூரிலிருந்து கோப்பாய், மானிப்பாய் என்று சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போவார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஒரு பக்கமாக இருந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு போகவேண்டும். எதிரே வருகிற பாதை தெரியாது. அவர் முதுகுதான் தெரியும்.

“ஒருக்கா நான் முன்னுக்கு இருந்து பிடிச்சுப் பாக்கட்டே?” என்று ஆளில்லாத தோட்டவெளியில் கேட்பாள்.

“உமக்கென்ன விசரே? சனம் பாத்தால் சிரிக்கும்” என்பார் அவர். கோபமாக அல்ல, சிரித்துக்கொண்டுதான். நல்ல மனிதர். வெங்காய வியாபாரி. லொறியில் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றிக்கொண்டிருந்தவர், தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் பாதை மூடியதோடு கிளாலிக் கடலால் படகில் போய்வரத் தொடங்கினார். “ஒண்டும் வராது” என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போவார். தொண்ணூற்றிரண்டில் ஒருநாள் அந்தப் படகுக்குக் கடற்படையின் சூடு விழுந்தது. அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தி, ஐயர் கிரியையைத் தொடங்கிய நேரம் குண்டு போடும் பொம்மர் விமானம் வந்தது. பறை அடித்தவர்கள், பந்தம் பிடித்த பிள்ளைகள், எல்லாரும் பதுங்குகுழிக்குள் ஓடினார்கள். பூரணத்தையும் இழுத்துக்கொண்டு போனார்கள். சண்முகநாதன் மட்டும் முற்றத்தில் தனியே கிடந்தார். அந்தக் காட்சியை அவள் யாரிடமும் சொல்லி அழுததில்லை. ஆனால் மறக்கவுமில்லை.

அதற்குப் பிறகு ஊர் அவளுக்கு ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தது. வெள்ளைச் சேலை, பூ இல்லை, பொட்டு இல்லை, நல்ல காரியங்களுக்கு அழைப்பும் இல்லை. விடிய வெளிக்கிட்டுப் போகிற ஆள் எதிரே அவளைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வெளிக்கிடுவார். முப்பத்தைந்து வயது அவளுக்கு. ஒரே மகள் சிவமலருக்குப் பதினொன்று. முதல் வருடம் முழுக்க பூரணம் தலையைக் குனிந்துகொண்டு வேலிக்கரையாலேயே நடந்தாள். பிறகு ஒருநாள், எதிரே வந்த ஒருவர் சைக்கிளைத் திருப்பும்போது, “ஏன் திரும்புறியள்? நான் கடிக்கமாட்டன், போங்கோ” என்று கேட்டுவிட்டாள். பூரணத்துக்கு அன்று முழுக்க ஒரே சந்தோஷம்.

அந்தக் காலத்தில்தான் குருநகரிலிருந்து கனிசியசும் அவன் மனைவி றோசும் மகனுமாக வந்து சேர்ந்தார்கள். மண்டைதீவுப் பக்கமிருந்து வந்த ஷெல்லில் அவர்களுடைய வீட்டுக் கூரை போய்விட்டது. கடலுக்குப் போகவும் தடை. படகு மோட்டார் திருத்துகிற கனிசியசுக்குத் திருத்த மோட்டாரும் இல்லை. பூரணம் தன் வளவில் சும்மா கிடந்த புகையிலைக் குடிலைத் துப்புரவாக்கி அவர்களுக்குக் கொடுத்தாள்.

அண்ணன் தியாகலிங்கம் அடுத்த நாளே வந்துவிட்டார். கோயில் சபையில் இருப்பவர். தோளில் சால்வையில்லாமல் படலையைத் தாண்டாதவர். கதிரையில் இருக்காமல் நின்றுகொண்டே கதைத்தார்.

“பிள்ளை, இடம் குடுத்தது சரி. பாவம், அகதிச் சனம். ஆனால் எங்கடை கிணத்திலை அவையள் தண்ணி அள்ளுறது...”

“ஏன் அண்ணை, கிணறு வத்திப்போச்சோ?”

“நான் அதைச் சொல்லேல்லை.”

“அப்ப வேறை என்னத்தைச் சொல்லுறியள்?”

அவர் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். றோஸ் கிணற்றடியில் வாளியோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டும் கேளாதவள் மாதிரித் தண்ணீரை அள்ளி ஊற்றினாள், கொஞ்சம் பலமாகவே.

கனிசியசால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது. தோட்டத்துக்கு மருந்து அடிக்கிற, முதுகில் சுமக்கும் இயந்திரம் ஒன்று பூரணத்தின் கொட்டிலில் கிடந்தது. அரசாங்கத்தின் தடையால் மருந்தும் வராது, பெற்றோலும் வராது என்றான பிறகு அதை யாரும் தொட்டதில்லை. அவன் கேட்டு வாங்கினான். உடைந்த தண்ணீர்க் குழாய்களை வளைத்துச் சட்டம் செய்தான். மண் தள்ளுகிற வண்டியின் சில்லுகள் இரண்டு, பழைய சைக்கிள் சங்கிலி, பலாப்பலகையில் ஓர் இருக்கை. ஒரு மாதமாகக் கொய்யா மரத்தின் கீழ் தட்டல், ராவல், திட்டல். கடைசியில் ஒருநாள் எழும்பி நின்றது ஒரு மோட்டார் சைக்கிள். ஒரு கன்றுக்குட்டியைவிட உயரம் குறைவு. இயந்திரத்தின் வாயில் நாலு துளி பெற்றோலைக் காட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அது முற்றத்தைச் சுற்றி வந்தபோது, கோழிகள் வேலியைத் தாண்டி அடுத்த வளவுக்குள் பறந்தன.

“பிள்ளையளுக்கு விளையாட ஒண்டுமில்லை அக்கா. அதுதான்” என்றான் கனிசியஸ், ஏதோ குற்றம் செய்தவன் மாதிரி.

பிள்ளைகள் அதற்குக் குட்டியன் என்று பெயர் வைத்தார்கள். அயலிலுள்ள பிள்ளைகளெல்லாம் வரிசையில் நின்றார்கள். ஆளுக்கு ஒரு சுற்று. அதைப் பார்த்த தகப்பன்மார், “பொறு, பிரேக் சரியோ எண்டு நான் ஒருக்காப் பாத்துத் தாறன்” என்று ஏறினார்கள். ஏறியவர்கள் இறங்கவில்லை. முழங்கால் இரண்டும் காதளவுக்கு உயர்ந்து நிற்க, பள்ளிக்கூட வாத்தியார் இராசநாயகம் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருடைய மகன் அழுதுகொண்டு பின்னால் ஓடினான்.

ஒரு மத்தியானம், எல்லாரும் சாப்பாட்டுக்குப் போன நேரம், பூரணம் குட்டியனின் முன்னால் நின்றாள். றோஸ் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏறுங்கோவன் அக்கா. ஆர் இருக்கினம் பாக்க?”

“சேலை சில்லுக்குள்ளை போடும்.”

“அப்ப சேலையை மாத்துங்கோ.”

பூரணம் உள்ளே போனாள். சண்முகநாதனின் பழுப்பு நிற நீளக் காற்சட்டை ஒன்று பெட்டிக்குள் இருந்தது. இடுப்புக்குப் பெரிது. கொடிக்கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தாள். மேலே அவருடைய சேட்டு. றோஸ் சிரிக்கவில்லை. கயிற்றை இழுத்து இயந்திரத்தைக் கிளப்பிக் கொடுத்தாள்.

முதல் சுற்றில் வேலியோடு மோதினாள். இரண்டாவதில் கிணற்றுக்கட்டில் மோதாமல் மயிரிழையில் தப்பினாள். மூன்றாவது சுற்றில் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே பாதை, படலை, அதற்கப்பால் பனைகள், எல்லாம் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன. இடையில் யாருடைய முதுகும் இல்லை. பூரணம் பலமாகச் சிரித்தாள். அவள் சிரித்து அந்த வளவு கேட்டு எவ்வளவோ காலம்.

வளவு போதவில்லை. அதற்குள் கனிசியஸ், ஊரில் அங்கங்கே பழுதாகிக் கிடந்த இயந்திரங்களை வாங்கி இன்னும் சில குட்டியன்களைச் செய்துவிட்டான். ஓடுவதற்கு வெளி வேண்டும். பூரணத்துக்குச் சீதனமாக வந்த வயல் ஊரின் கிழக்கே, பனைவடலிக்கு அருகில் இருந்தது. தை மாதம் அறுவடை முடிந்தால் ஆவணி மட்டும் அது வெறும் தரை. வரம்புகளை இரண்டு இடத்தில் வெட்டி, வளைவுகளில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி, நீள்வட்டமாக ஓர் ஓட்டப்பாதை போட்டார்கள். ஞாயிறு பின்னேரங்களில் முதலில் பிள்ளைகள் ஓடுவார்கள், பிறகு பெரியவர்கள். வெல்கிறவருக்குப் பரிசு ஒரு குலை இளநீர். அதையும் தோற்றவர்கள்தான் வெட்டிக் கொடுக்கவேண்டும்.

முதல் ஞாயிறே பூரணம் காற்சட்டையோடு வயலுக்கு வந்தாள். ஊர் பார்த்தது. ஆண்கள் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பெண்கள் திரும்பவில்லை. கண் வெட்டாமல் பார்த்தார்கள்.

அந்தக் கிழமை தியாகலிங்கம் மறுபடியும் வந்தார். இந்த முறை கதிரையில் இருந்தார்.

“பூரணம், நான் கோவத்திலை கதைக்க வரேல்லை. நாளைக்கு மலருக்கு ஒரு கலியாணம் காட்சி எண்டு வரும். ‘தாய் புருசன்ரை காற்சட்டையைப் போட்டுக்கொண்டு வயலுக்கை மோட்டச்சைக்கிள் ஓடினவள்’ எண்டு சொன்னால் ஆர் வருவினம்?”

“ஓடத் தெரிஞ்சவன் வருவான்.”

“பகிடியை விடு. சனத்துக்கு விளக்குக் கொளுத்த எண்ணெய் இல்லை. நீங்கள் அதைப் புகையாக்கி விளையாடுறியள். கேக்கிறவன் காறித் துப்புவான்.”

பூரணம் எழும்பிப் போய் வீட்டுக் கதவை அகலத் திறந்தாள். “உள்ளை வந்து பாருங்கோ அண்ணை. ஞாயிற்றுக்கிழமை ஓடுறதுக்காகக் கிழமை முழுக்க என்ரை வீட்டிலை விளக்குக் கொளுத்துறேல்லை. நானும் மலரும் பொழுதுபட முன்னம் சாப்பிட்டுட்டுப் படுக்கிறம். ஓடுற எல்லா வீட்டிலையும் அப்பிடித்தான். ஆரின்ரை வீட்டு எண்ணெயையும் நாங்கள் எடுக்கேல்லை.”

“இருட்டுக்கை இருக்கிறதுக்குச் சந்தோசப்படுறாய்.”

“எங்களை இருட்டுக்கை விட்டவையிட்டைப் போய்ச் சொல்லுங்கோ. நான் என்ரை எண்ணெயை என்ரை விருப்பத்துக்கு எரிக்கிறன்.”

“அந்த வயல் அப்பு தந்தது.”

“ஓம், எனக்குத் தந்தது. சீதனம் எண்டு உறுதி எழுதி என்ரை பேரிலை தந்தது. அதிலை நெல்லு விதைப்பன், வெங்காயம் நடுவன், மோட்டச்சைக்கிளும் ஓடுவன். ஆரும் கேக்கேலாது.”

தியாகலிங்கம் எழும்பிப் போய்விட்டார். ஆனால் சும்மா இருக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு காலை வயலுக்குப் போன பிள்ளைகள் மூச்சு வாங்க ஓடிவந்தார்கள். வயல் முழுக்க உழுது கிடந்தது. வைக்கோல் கட்டுகள் ஒரு மூலையில் ஒழுங்காக அடுக்கியிருந்தன. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஆழமான சால்கள், முழங்கை அளவுக் கட்டிகள்.

பூரணம் நேரே அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவர் மாடுகளுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்:

“கோடை உழவு மண்ணுக்கு நல்லது. தனிய இருக்கிற தங்கச்சிக்கு அண்ணன் செய்யிற உதவி.”

பூரணத்துக்கு உச்சி கொதித்தது. மாட்டுத்தொட்டியில் கிடந்த தண்ணீரை எடுத்து அவர் தலையில் ஊற்றலாமா என்றுகூட நினைத்தாள். ஊற்றவில்லை. “பெரிய உபகாரம் அண்ணை” என்று சொல்லிவிட்டு வயலுக்கு வந்தாள். அங்கே எல்லாரும் செத்தவீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி வரம்பில் குந்தியிருந்தார்கள்.

“உருளை போட்டு மட்டமாக்க எப்பிடியும் ஒரு மாதம் செல்லும்” என்றான் கனிசியஸ்.

“ஏன் மட்டமாக்க வேணும்?” என்றாள் பூரணம். “உழுத நிலத்திலை ஓடுவம்.”

“அக்கா, குட்டியன்ரை சில்லு சாலுக்கை புதைஞ்சு நிக்கும்.”

“புதைஞ்சால் இறங்கித் தள்ளுவம். தள்ளிப்போட்டு ஏறுவம். எனக்குத் தெரியாது, இண்டைக்கு ஓட்டம் நடக்கவேணும்.”

நடந்தது. அப்படியோர் ஓட்டத்தை அந்த ஊர் கண்டதில்லை. பிள்ளைகள் கட்டிகளின் மேல் துள்ளித் துள்ளி விழுந்தார்கள், செம்மண்ணில் குளித்து எழும்பினார்கள், மறுபடியும் ஏறினார்கள். ஒருவரும் அழவில்லை. வாத்தியார் இராசநாயகம் இரண்டாவது சாலிலேயே தலைகீழாகப் போய், கண்ணாடியைத் தேடிக்கொண்டு தவழ்ந்தார். வரம்பில் நின்ற சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உழுதிருக்கிறது என்று கேள்விப்பட்டு வேடிக்கை பார்க்க வந்த சனம் வழக்கத்தைவிட அதிகம்.

பூரணம் தோட்டக்காரி. சாலின் குறுக்கே நேராகப் போனால் சில்லு இறங்கும், சரிவாக எடுத்தால் ஏறும் என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு சாலாகச் சாய்த்து ஏற்றி இறக்கி, முதலாவதாக வந்துகொண்டிருந்தாள். கடைசி வளைவில் பக்கத்தில் ஏதோ விர்ரென்று போனது. பார்த்தால் றோஸ். இருக்கையை விட்டு எழும்பி, முழங்காலை மடித்து நின்றபடி, சால்களின் மேலால் நேரே போய்க்கொண்டிருந்தாள். பாவாடையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக் கட்டியிருந்தாள்.

றோஸ் வென்றாள்.

“எப்பிடியடி?” என்று கேட்டாள் பூரணம், மூச்சு வாங்கிக்கொண்டு.

“அலை மாதிரித்தான் அக்கா. இருந்தால் தூக்கி எறியும். நிண்டால் விடும். ஐயாவோடை வள்ளத்திலை போகேக்கை பழகினது.”

பூரணம் அவளைக் கட்டிப்பிடித்துப் பாராட்டினாள் என்று எழுத ஆசைதான். நடந்தது அதுவல்ல. பூரணத்துக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இளநீரை வெட்டிக் கொடுக்கும்போது கத்தியை வேண்டுமென்றே பலமாகப் போட்டாள். அன்று பொழுதுபடும் மட்டும் றோசோடு கதைக்கவில்லை. வெல்லவேண்டும் என்ற ஆசை தனக்குள் அவ்வளவு இருந்தது என்று அவளுக்கே அன்றுதான் தெரியவந்தது. மறுநாள் விடிய எழும்பி, றோசைத் தட்டி எழுப்பி, “வா, அந்த நிண்டு ஓடுறதை எனக்கும் காட்டித் தா” என்றாள்.

அந்த வருடத்திலிருந்து வயலை வேண்டுமென்றே உழுதுவிட்டு ஓடுவது வழக்கமாயிற்று. உழுவதற்கு மாடு கேட்டுப் பூரணம் அண்ணனிடமே ஆள் அனுப்பினாள். அவர் கொடுக்கவில்லை. வேறு இடத்தில் வாங்கினார்கள்.

ஓட்டத்தில் ஒரு பெரிய ஆபத்து இருந்தது. இயந்திரங்களின் சத்தத்தில் வானத்தில் வருகிற சத்தம் கேட்காது. அதற்காக வரம்பில் எப்போதும் ஒருவர் காதை ஆகாயத்தில் வைத்துக்கொண்டு, கையில் சிவப்புத் துணியோடு நிற்பார். துணி ஆடினால், எங்கே நிற்கிறாயோ அங்கேயே குட்டியனைப் போட்டுவிட்டு வடலிக்குள் ஓடவேண்டும். சின்னப்பிள்ளைகூட மீறாத சட்டம் அது.

தொண்ணூற்றிநாலாம் ஆண்டு ஆனி மாதம். பெரியவர்களின் ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. றோசைப் பின்னால் விட்டு, பூரணம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். எழும்பி நின்றபடிதான் ஓடினாள். இன்னும் ஒரு சுற்று. அப்போது கனிசியஸ் சிவப்புத் துணியை ஆட்டினான்.

பூரணம் கண்டாள். துணியையும் கண்டாள், பின்னால் குட்டியன்கள் ஒவ்வொன்றாகச் சாய்வதையும் கண்டாள். கை வேகத்தைக் குறைக்கவில்லை. எதைச் செய்தாலும் பாதியில் நிற்பாட்டவேண்டியிருந்தது. அடுப்பில் உலை, பள்ளிக்கூடத்தில் பாடம், முற்றத்தில் பிணம். இதையுமா? இல்லை, இதை விடமாட்டேன் என்று அவளுக்குள் ஒன்று பிடிவாதமாக நின்றது. அந்தப் பெரிய வெளியில் அவள் மட்டும் தனியாக ஓடினாள். தலைக்கு மேலே பொம்மர் தாழ்வாகப் போனதை நெஞ்சுக்கூட்டுக்குள் உணர்ந்தாள்.

அப்போது வடலியோரத்துக் கிடுகு வேலியைப் பிரித்துக்கொண்டு ஓர் ஆள் வயலுக்குள் ஓடிவந்தார். தோளில் சால்வை. தியாகலிங்கம். “பூரணம், நில்! விழுந்து படு!” என்று கத்தியபடி, உழுத மண்ணில் தடக்கித் தடக்கி வந்தவர், ஒரு சாலில் கால் மடங்கிக் குப்புற விழுந்தார். அவரைக் கண்ட பிறகுதான் பூரணம் நின்றாள்.

பொம்மர் திரும்பவில்லை. தூரத்தில் எங்கேயோ கொண்டுபோய்க் குண்டைப் போட்டது. நிலம் அதிர்ந்தது.

கனிசியஸ் முதலில் ஓடிவந்து தியாகலிங்கத்தைத் தூக்கினான். கணுக்கால் வீங்கிவிட்டது. தோளில் சாய்த்து வடலிக்குள் கொண்டுபோய் இருத்தினான். றோஸ் தன் செம்பில் தண்ணீர் நீட்டினாள். அவர் ஒரு கணம் அந்தச் செம்பைப் பார்த்தார். பிறகு வாங்கிக் குடித்தார். அண்ணாந்து அல்ல, வாய் வைத்தே குடித்தார்.

“நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள் அண்ணை?” என்றாள் பூரணம்.

“மாடு தேடி வந்தனான்.”

“மாடு கட்டையிலை நிக்குது மாமா” என்றான் ஒரு பொடியன். “ஒவ்வொரு ஞாயிறும் இவர் வேலிக்கு அங்காலைதான் நிக்கிறவர்.”

யாரும் சிரிக்கவில்லை. ஏனென்றால் அப்போது மலர் வந்து தாயின் முன்னால் நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

“துணியைக் கண்டனீங்களோ?”

பூரணம் பொய் சொல்லியிருக்கலாம். கேட்கவில்லை, தூசியில் தெரியவில்லை என்று. “கண்டனான்” என்றாள்.

“அப்பாவும் உப்பிடித்தான். ஒண்டும் வராது எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்.” என்றாள் மலர். “இனி நான் இந்தப் பக்கம் வரமாட்டன். நீங்கள் ஓடுங்கோ. செத்தாலும் ஓடுங்கோ.”

அவள் திரும்பி நடந்தாள்.

அடுத்த ஞாயிறு அவள் காற்சட்டையோடுதான் வயலுக்கு வந்தாள். ஆனால் குட்டியனில் ஏறவில்லை. கனிசியசின் கையிலிருந்த சிவப்புத் துணியை வாங்கிக்கொண்டு வரம்பில் ஏறினாள்.

“நீ ஓடு தம்பி. நான் பாக்கிறன்.”

அந்த வருடம் மழை தொடங்கும்வரை வரம்பில் நின்றது பூரணம்தான். மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு, காதை மேலே வைத்துக்கொண்டு நிற்பது அவளுக்கு முள்ளின் மேல் நிற்பது மாதிரி. “றோஸ், சாய்ச்சு எடடி!” என்று தன்னை மறந்து கத்திவிட்டு, சட்டென்று ஆகாயத்தைப் பார்ப்பாள். மன்னிப்பு என்று அவள் மலரிடம் வாயால் கேட்கவில்லை. மலரும் வயல் பக்கம் வரவில்லை. ஆனால் பின்னேரங்களில் தாய்க்குத் தேத்தண்ணீர் போட்டு மூடி வைத்திருந்தாள்.

தொண்ணூற்றைந்து பிறந்தபோது சண்டை ஓய்ந்திருந்தது. ஆகாயம் சும்மா கிடந்தது. அந்தச் சில மாதங்கள்தான் குட்டியன்களின் பொற்காலம். கோப்பாயிலிருந்தும் மானிப்பாயிலிருந்தும் சனம் சைக்கிளில் வந்தது. வேறு ஊர்களிலும் ஆட்கள் தாங்களே குட்டியன் செய்து கொண்டுவந்தார்கள். காற்சட்டை போட்ட பெண்கள் இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். தியாகலிங்கம் இப்போது வேலிக்கு இந்தப் பக்கம், தனக்கென்று ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டு இருந்தார். ஓட்டம் முழுக்கப் பிழை பிடித்துக்கொண்டே இருப்பார். பூரணம் மறுபடியும் ஓடினாள். சில நாள் வென்றாள், பல நாள் றோசிடம் தோற்றாள்.

சித்திரையில் எல்லாம் மறுபடி தொடங்கியது. ஐப்பசி முடிவில் ராணுவம் நெருங்கிவர, புத்தூரும் சேர்ந்த வலிகாமம் முழுக்கக் கிளம்பு என்றார்கள். மழை. புத்தூர்–மீசாலை வீதியில் சனம் இடைவெளியில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பூரணத்தின் வீட்டுச் சாமானும் றோஸ் வீட்டுச் சாமானும் ஒரே தள்ளுவண்டியில். அந்த வண்டிக்குப் பின்னால் இரண்டு குட்டியன்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனாள் பூரணம். மற்றவற்றை விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. தியாகலிங்கம் தன் மாட்டு வண்டியில் முன்னால் போனார்.

நனைந்த மூட்டையோடு பக்கத்தில் வந்த ஒரு கிழவர் அதைப் பார்த்துப் பொறுக்காமல் கேட்டார்.

“பிள்ளை, சனம் உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு போகுது. அரிசி, பானை கொண்டுபோக இடமில்லை. உந்த விளையாட்டுச் சாமானை ஏன் இழுத்துக்கொண்டு வாறாய்?”

“விட்டுட்டுப் போறதுக்கு நிறைய விட்டாச்சு அப்பு” என்றாள் பூரணம். “இதை விடமாட்டன். உங்கடை மூட்டையை இதுக்கு மேலை வையுங்கோ, நான் இழுக்கிறன்.”

கிழவர் யோசித்தார். பிறகு வைத்தார். கொஞ்சத் தூரத்தில் இன்னொருவரின் மூட்டையும் ஏறியது.

மீசாலையில் ஒரு தென்னந்தோப்பில் கொட்டில் போட்டுக்கொண்டார்கள். கார்த்திகை முழுக்கச் சேறும் காய்ச்சலும் நிவாரண வரிசையும்தான். மார்கழியில் மழை விட்டது. கொட்டில்களில் பிள்ளைகள் ஒன்றும் செய்ய இல்லாமல் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு கிடந்தார்கள். கனிசியஸ் குட்டியன்களின் சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். பூரணம் தோப்பின் சொந்தக்காரரிடம் போய்க் கேட்டாள். தென்னம்பிள்ளைகளில் மோதினால் தன்னைக் கேட்கக்கூடாது என்றுவிட்டு அவர் விட்டார். அவருடைய பிள்ளைகளும் வரிசையில் வந்து நின்றார்கள்.

பிள்ளைகள் ஆளுக்கொரு சுற்று ஓடி முடிந்த பிறகு, எரிக்க இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருந்தது. பூரணம் ஒன்றில் ஏறினாள். மற்றது சும்மா நின்றது. றோஸ் காய்ச்சலில் படுத்திருந்தாள்.

“ஆர் வாறியள்?” என்று கேட்டாள் பூரணம்.

தென்னை மரமொன்றில் சாய்ந்து நின்ற மலர், கையிலிருந்த ஓலைக் குச்சியைக் கீழே போட்டாள். வந்து மற்றக் குட்டியனில் ஏறினாள். பதினாலு வயதில் கால்கள் நீண்டுபோயிருந்தன. முழங்கால்கள் கைபிடியில் இடித்தன.

“இவ்வளவு காலம் ஏறாதனீ. பாத்து” என்றாள் பூரணம்.

“நீங்கள் பாத்து ஓடுங்கோ” என்றாள் மலர்.

கனிசியஸ் சிவப்புத் துணியோடு ஒரு மேட்டில் ஏறி நின்றான். இரண்டு கயிறுகளும் இழுபட்டன. வெள்ளைப் புகை எழும்பியது. முதல் சுற்றில் தாய் முன்னால். இரண்டாவது சுற்றில், ஈர மணல் இளகிக் கிடந்த வளைவில், மலர் இருக்கையை விட்டு எழும்பினாள். முழங்காலை மடித்து நின்றபடி உள்பக்கத்தால் புகுந்து, சேற்றை வாரித் தாயின் முகத்தில் அடித்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

“எடியே!” என்று கத்தினாள் பூரணம். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளும் எழும்பி நின்றாள். மகளின் முதுகைப் பார்த்தபடி வேகத்தைக் கூட்டினாள்.